பெருக்காத பெருக்கி: வீட்டு இசைக்கு எது ஏற்றது?

வீட்டிலே நல்லிசை கேட்க விரும்பி, கருவிகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இசையைத் தரும் கருவி ஒருபுறம் இருக்கிறது. அது சிடி இயக்கியாக இருக்கலாம். இணையவழிப் பாட்டு வாங்கும் பெட்டியாக இருக்கலாம். பழைய இசைத்தட்டுச் சுழலியாகவும் இருக்கலாம். மறுபுறம் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றல் பெருக்கி இருக்கிறது. இதைப் 'பவர் ஆம்ப்' என்று கடைக்காரர் சொல்வர். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, எந்தக் கருவியின் இசை கேட்கவேண்டும், எவ்வளவு உரக்கக் கேட்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பெட்டிதான் முன்பெருக்கி, அதாவது 'ப்ரீ-ஆம்ப்'.

இது இருவகைப்படும். ஒன்று, மின்சாரம் வாங்கிக்கொண்டு, வருகிற ஒலிமின்னைப் பெருக்கித் தரவல்லது. இதனை ஆக்டிவ் வகை என்பர். மற்றொன்றுக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. அதனுள் இருப்பவை ஒரு தெரிவு விசை, ஒரு வால்யூம் திருகு, சில செருகுவாய்கள், இவ்வளவே. இதனைப் பாசிவ் வகை என்பர். இது குறைக்குமேயன்றி அணுவளவும் பெருக்காது. பெருக்காத ஒன்றுக்கு முன்பெருக்கி என்று பெயர் வந்தது வேடிக்கைதான். ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்ட பெயரை மாற்றுவது எளிதன்று.

எது சிறந்தது என்று கேட்டால் இரு கட்சியார் வாதிக்க முன்வருவர். "இசைக்கும் செவிக்கும் இடையே எவ்வளவு குறைவான பொருள் இருக்கிறதோ அவ்வளவு தூய்மை, ஆகவே பாசிவே சிறந்தது" என்பார் ஒருவர். "பாசிவில் இசை உயிரற்று, மெலிந்து ஒலிக்கிறது, ஆக்டிவ் வைத்தால்தான் உடலும் வலுவும் வரும்" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் சொல்வது பாதி உண்மையே. ஏனெனில் இது கொள்கையால் தீர்க்கவேண்டிய வழக்கன்று, கணக்கினால் தீர்க்கவேண்டியது. நம்மிடம் உள்ள கருவிகளின் நான்கைந்து எண்களை அறிந்தால், எது வேண்டும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். அவ்வெண்கள் யாவை, அவை எதைச் சொல்கின்றன என்பதை இங்குக் காண்போம்.

முன்பெருக்கி பிறந்த காரணம்

ஒரு கருவி தேவையா என்று அறிய, அது ஏன் தோன்றியது என்று அறிவது நல்ல வழி. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. அந்தத் தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போது காந்தவகைப் பிக்கப் உண்டாக்கும் மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. இன்றும் நகரும் காந்தவகைப் பிக்கப்கள் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான். நகரும் சுருள்வகை தருவது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. இவ்வளவு நலிந்த மின்னை ஆற்றல் பெருக்கியிடம் நேரே கொடுத்தால், யானையின் பசிக்கு எள்ளுருண்டை கொடுத்த கதைதான். ஆதலால் அதனை முன்னதாக ஒருமுறை பெருக்கியாக வேண்டியிருந்தது. முன்பெருக்கி என்ற பெயரும் அதனால் வந்ததே.

பெருக்குவது மட்டும் அதன் பணியன்று. தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த சுருதிகளை அடக்கியும் உயர்ந்த சுருதிகளை மிகுத்தும் பதிக்கின்றனர். அடக்காவிடில் தாழ்ந்த ஓசைகளின் அலைப்பு பள்ளத்தை அகலமாக்கி இடத்தை விழுங்கிவிடும்; மிகுக்காவிடில் உயர்ந்த ஓசைகள் தட்டின் இரைச்சலில் மறைந்துபோகும். இயக்கும்போது இதற்கு நேர்மாறாகத் திருத்தவேண்டும். முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலோர் சங்கம் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்கை வகுத்தபின் குழப்பம் படிப்படியாக நீங்கியது. இந்தத் திருத்தத்தையும் முன்பெருக்கியே செய்தது. தாழ்சுருதி, மேல்சுருதி ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் அதிலேயே இருந்தன. அவற்றுள் புகழ்பெற்ற பாக்சந்தால் அமைப்பை, பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் பாக்சந்தால் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்டார்.

ஆகவே அக்காலத்தில் முன்பெருக்கி வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அது இன்றிப் பாட்டே இல்லை.

சிடி வந்தபின் மாறிய கணக்கு

1982-இல் சிடி வெளிவந்தது. அதனோடு நிலைமை அடியோடு மாறிற்று. சிடி இயக்கியின் வெளியீடு பொதுவாக 2 வோல்ட். இன்றைய டாக் பெட்டிகளும், அதாவது எண்முறைப் பதிவை ஒலிமின்னாக மாற்றும் கருவிகளும், ஏறத்தாழ அதே அளவைத் தருகின்றன. பிக்கப் தருவதைப்போல் இது பன்னூறு மடங்கு. திருத்தவேண்டிய வளைகோடும் இதில் இல்லை. அப்படியானால் இதனைப் பெருக்க என்ன தேவை இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் கொடுக்கவல்ல ஆற்றல் பெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 வாட்டுக்கு அதன் வெளியீடு சுமார் 28 வோல்ட்டாக இருக்கவேண்டும். அது தனக்குள் வரும் மின்னழுத்தத்தை 28 மடங்கு பெருக்குவதாகக் கொண்டால், 1 வோல்ட் கொடுத்த அளவிலேயே தன் முழு வலிமையையும் காட்டிவிடும். சிடி தருவதோ 2 வோல்ட். அஃதாவது, முன்பெருக்கி ஏதுமின்றியே தேவைக்கு இருமடங்கு கையில் இருக்கிறது.

இன்னும் பாருங்கள். ஒரு சாதாரண அறையில், சாதாரண ஸ்பீக்கரில், 1 வாட் ஆற்றலே நல்ல உரத்த ஒலியாக இருக்கும். 1 வாட்டுக்கு ஆற்றல் பெருக்கியின் வாயிலில் பத்தில் ஒரு வோல்ட் போதும். 2 வோல்ட் தரும் கருவியிலிருந்து பத்தில் ஒரு வோல்ட் மட்டும் எடுக்க, இருபதில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும். டெசிபெல் கணக்கில் 26. இதன் நடுவே 10 மடங்கு பெருக்கும் ஆக்டிவ் முன்பெருக்கி ஒன்றை வைத்தால் என்ன நேரும்? முதலில் இருநூறில் ஒரு பங்காக, 46 டெசிபெல், குறைத்துவிட்டு, பிறகு பத்து மடங்கு பெருக்கவேண்டும். குடத்து நீரைக் கீழே கொட்டிவிட்டு மறுபடியும் கிணற்றில் இறைப்பதை ஒத்தது இது.

இதனால் நேரும் தீங்கு வீண் வேலையோடு நிற்பதில்லை. திருகு எப்போதும் அடிமட்டத்திலேயே நிற்கும். சாதாரண வால்யூம் திருகினுள் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு தடைப்பட்டைகள் உண்டு. அவை அடிமட்டத்தில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஆகையால் மெல்லக் கேட்கும்போது பாடகர் நடுவில் நில்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கிவிடுவார். திருகைச் சிறிது அசைத்தாலே ஒலி திடீரென எழும்பும். பெருக்கமே இல்லாத பாசிவ் வகையில் திருகு மேலே ஏறி நிற்கும். இந்தத் தொல்லை குறையும்.

பாசிவின் நன்மைகள்

பாசிவ் முன்பெருக்கியில் வால்வு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, மின்வழங்கி இல்லை. எனவே அதற்கென ஓர் உறுமல் கிடையாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அது தானாக உண்டாக்காது. இரைச்சலும் மிகக் குறைவு. எந்தத் தடைப்பொருளிலும் வெப்பத்தால் மின்னணுக்கள் அலைவதால் நுண்ணிய இரைச்சல் எழும். இதனை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர் அளந்து 1928-இல் வெளியிட்டார். 2,500 ஓம் தடையில் இந்த இரைச்சல், செவிக்கு எட்டும் ஓசை எல்லை முழுவதற்கும் சேர்த்து, ஒரு மைக்ரோவோல்ட்டை எட்டாது. 2 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. இது செவிக்கு எட்டுவதன்று.

விலையும் குறைவு. அதனுள் வீட்டு மின்சாரம் நுழைவதில்லை ஆதலால், பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்கத் தெரிந்த மாணவரும் அச்சமின்றித் தாமே செய்துகொள்ளலாம். இவ்வளவு நன்மையும் இருக்க, மற்றவர் ஏன் அதனைக் குறை கூறுகின்றனர்? அவர்கள் கேட்ட மெலிவு வெறும் கற்பனையா? அன்று. அதற்கும் காரணம் உண்டு.

குழாயும் குடங்களும்

ஒலிமின் செல்லும் பாதையை நீர் செல்லும் குழாய்க்கு ஒப்பிடலாம். மின்னழுத்தம் நீரின் அழுத்தம் போன்றது. ஒரு கருவியின் வெளியீட்டு எதிர்ப்பு, குழாயின் குறுகலைப் போன்றது. இதனை 'இம்பீடன்ஸ்' என்று குறிப்பேட்டில் காணலாம். எதிர்ப்பு குறைந்தால் அகன்ற குழாய். மிகுந்தால் ஒடுங்கிய குழாய்.

இனி, கருவிகளை இணைக்கும் கம்பி. அதன் நடுவே ஓர் இழையும் சுற்றிலும் ஒரு கவசமும் இருப்பதால், அது தானே ஒரு சிறு மின்தேக்கியாகிவிடுகிறது. மீட்டர் ஒன்றுக்கு 100 பிகோபாரட் என்பது சாதாரண அளவு. இது குழாயின் வழிநெடுகக் குடங்கள் வைத்திருப்பது போல. அலை உயரும்போதெல்லாம் இக்குடங்கள் நிரம்பவேண்டும்; தாழும்போதெல்லாம் வடியவேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப்பக்க ஓசை விநாடிக்கு நூறு முறையளவே அதிர்வதால் அவை நிரம்பி வடிய நேரம் தாராளமாக இருக்கிறது. ஜால்ராவின் கிண்ணென்ற ஒலியில் உள்ள மேலோசைகளோ விநாடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேலும் அதிர்வன. குழாய் ஒடுங்கியதாயின் குடம் நிரம்புமுன்பே அலை திரும்பிவிடும். விளைவு, மேல்சுருதி மங்கும்.

ஆக்டிவ் முன்பெருக்கியின் குழாய் அகன்றது; அதன் வெளியீட்டு எதிர்ப்பு சில நூறு ஓம் அல்லது அதனினும் குறைவு. பாசிவில் அப்படியன்று. மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் நிலையில் திருகு நிற்கும்போது, அதன் வெளியீட்டு எதிர்ப்பு திருகின் மொத்தத் தடையில் கால் பங்காகும். 10,000 ஓம் திருகானால் 2,500 ஓம். 50,000 ஓம் திருகானால் 12,500 ஓம். 100,000 ஓம் திருகானால் 25,000 ஓம். அதுவே உச்சம், திருகை அதற்கு மேலோ கீழோ நகர்த்தினால் எதிர்ப்பு குறையும்.

இப்போது கம்பியைச் சேர்த்துக் கணக்கிடுவோம். 10,000 ஓம் திருகும் ஒரு மீட்டர் கம்பியும் இருந்தால், ஒலியின் ஆற்றல் பாதியாகக் குறையும் எல்லை 600,000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால் இருக்கும். மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான், ஆகவே கவலையில்லை. 50,000 ஓம் திருகும் ஐந்து மீட்டர் கம்பியுமானால் அந்த எல்லை 25,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்; 20,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் இழப்பு. 100,000 ஓம் திருகும் அதே ஐந்து மீட்டரும் சேர்ந்தால் எல்லை 13,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே வந்துவிடும். ஆற்றல் பெருக்கியின் வாயிலில் உள்ள தேக்குதிறனையும் சேர்த்தால் இன்னும் குறையும். இளஞ்செவிகளுக்கு இந்த இழப்பு தெரியும்.

இதில் வியப்பு என்னவெனில், திருகின் நிலைக்கேற்ப இந்த இழப்பும் மாறுகிறது. இரவில் மெல்லக் கேட்கும்போது தெளிவாக இருந்த தாளம், பகலில் உரக்க வைத்தபோது சற்று மங்கும். கேட்பவர் இசைத்தட்டையோ ஸ்பீக்கரையோ குறை சொல்வார். குறை இருப்பதோ நீண்ட கம்பியிலும் பெரிய திருகிலுமே.

இதற்கு ஓர் எளிய மருந்தும் உண்டு. பாசிவ் பெட்டியை ஆற்றல் பெருக்கியின் அருகிலேயே வைத்து, நீண்ட கம்பியை அதற்கு முன்னால், பாட்டுத் தரும் கருவியின் பக்கம், அமைத்துக்கொள்ளலாம். நல்ல டாக் பெட்டியின் வெளியீட்டு எதிர்ப்பு 100 ஓம் அளவே இருக்குமாதலால், ஐந்து மீட்டர் கம்பி அதற்கு ஒரு சுமையே அன்று.

தாழ்சுருதி போவது எங்கே?

மேல்சுருதியின் கதை இது. தாழ்சுருதிக்கும் ஓர் இடையூறு உண்டு. அது திருகுக்கு முன்னால் இருக்கும் கருவியிலிருந்து வருவது. சில கருவிகளின் வெளியீட்டில், முக்கியமாக வால்வு வகைகளில், நேர்மின்னைத் தடுப்பதற்காக ஒரு மின்தேக்கி வைத்திருப்பர். அந்தத் தேக்கியும் அடுத்து வரும் பெட்டியின் உள்ளீட்டுத் தடையும் சேர்ந்து, எவ்வளவு தாழ்ந்த ஓசை வரை செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

பழைய வால்வு டியூனர் ஒன்றை வைத்து மின்னல் எஃப்எம்மோ ஒலி 96.8-ஓ கேட்பவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அதன் தேக்கி 0.1 மைக்ரோபாரட், அது 500,000 ஓம் உள்ளீட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்போம். அப்படிப்பட்ட உள்ளீட்டில் தாழ்சுருதி 3 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதையே 10,000 ஓம் பாசிவ் திருகில் இணைத்தால், 160 ஹெர்ட்ஸிலேயே ஆற்றல் பாதியாகிவிடும். தவிலின் அடிநாதமும் மிருதங்கத்தின் கும்கியும் கரைந்துபோகும். 'பாசிவில் இசை மெலிந்துவிட்டது' என்று கூறுவோரின் அனுபவத்துக்குப் பெரும்பாலும் இத்தகைய பொருத்தமின்மையே காரணம்.

மேல்சுருதிக்காகத் திருகின் தடை சிறியதாக இருக்கவேண்டும். தாழ்சுருதிக்காக அது பெரியதாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே அகப்படுவதுதான் பாசிவின் இக்கட்டு. ஒரு கருவி தனக்கு அடுத்துள்ளதன் எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாத எதிர்ப்பு உடையதாய் இருந்தால் போதும் என்பது நெடுநாளைய கைக்கணக்கு. அதன்படி, பாட்டுத் தரும் கருவியின் எதிர்ப்பு 1,000 ஓமுக்குக் குறைந்தும், ஆற்றல் பெருக்கியின் உள்ளீடு 47,000 ஓமோ அதற்கு மேலோ இருந்தால், 10,000 ஓம் திருகு இருபக்கமும் இணங்கிப் போகும்.

ஆக்டிவின் பணியும் கூலியும்

ஆக்டிவ் முன்பெருக்கியின் உண்மையான சிறப்பு அது பெருக்குவதில் மட்டும் இல்லை. முன்னுள்ள கருவிக்கு இலேசான சுமையாகவும், பின்னுள்ள கம்பிக்கு அகன்ற குழாயாகவும் ஒரே சமயத்தில் இருக்கவல்லது என்பதே அதன் பெருஞ்சிறப்பு. திருகு எந்த நிலையில் இருந்தாலும் அதன் வெளியீட்டு எதிர்ப்பு மாறாது. இன்ன கருவி, இவ்வளவு நீளக் கம்பி என்ற நிபந்தனை ஏதும் அது விதிப்பதில்லை.

அதற்குரிய கூலியை நாம் கொடுத்தாக வேண்டும். மின்வழங்கி வேண்டும், அதன் முனகலை அடக்கவேண்டும். பெருக்கும் உறுப்பு ஒவ்வொன்றும் சிறிதேனும் இரைச்சலையும் திரிபையும் சேர்க்கும். ஆயினும் இவற்றைப் பெரிதாக அஞ்சவேண்டியதில்லை. நன்கு வடிவமைத்த கருவிகளில், 1970-களின் இறுதியில் வந்த 5532 என்னும் சிறு சில்லைக் கொண்டவற்றில்கூட, இக்குறைகள் செவிக்கு எட்டாத அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளன. விலை உயர்ந்தால்தான் தூய்மை வரும் என்பதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே வேறு வழிகளும் உண்டு. பெருக்காமல், எதிர்ப்பை மட்டும் மாற்றித் தரும் 'பஃபர்' அவற்றுள் ஒன்று. இது மின்சாரம் வாங்கும். ஆயினும் வந்த மின்னழுத்தத்தை வந்தபடியே விடும். அமெரிக்கப் பொறியாளர் நெல்சன் பாஸ் 2008-இல் பி-1 என்ற இத்தகைய எளிய அமைப்பை, வீட்டில் செய்துகொள்வோர்க்காக வெளியிட்டார். இக்காலக் கருவிகளில் பெருக்கத்துக்குக் குறைவில்லை, இணக்கத்துக்கே உதவி வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு அது. மற்றொரு வழி, தடைக்குப் பதிலாக டிரான்ஸ்பார்மரைக் கொண்டு குறைப்பது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் டிரான்ஸ்பார்மர், அதற்கு முன்னுள்ள எதிர்ப்பைக் கால் பங்காக்கிவிடும் என்பதால், மேலே சொன்ன ஒடுங்கிய குழாயின் தொல்லை தீரும். ஆனால் நல்ல டிரான்ஸ்பார்மரின் விலை மிகுதி; அருகில் மின்வழங்கி இருந்தால் அதன் முனகலை இழுத்துக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவது வழி, டாக் பெட்டிக்குள்ளேயே எண்முறையில் ஒலியைக் குறைப்பது. ஒரே கருவியில் மட்டும் பாட்டுக் கேட்போர்க்கு இது போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஏதோ காரணத்தால் அந்தக் குறைப்பு நீங்கி முழு 2 வோல்ட்டும் ஆற்றல் பெருக்கிக்குப் பாய்ந்தால், ஸ்பீக்கரின் கூம்பு கிழியலாம், கேட்பவர் செவிக்கும் கேடு. கையால் திருகக்கூடிய ஒரு குறைப்பானை இடையில் வைப்பது தற்காப்பு.

செவியின் மயக்கம்

கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்யலாமே என்று சிலர் எண்ணுவர். கேட்கலாம், ஆனால் செவி எளிதில் மயங்கும் உறுப்பு. இரண்டு ஒலிகளில் ஒன்று சிறிதளவே உரத்திருந்தால், அது உரத்தது என்று நமக்குத் தோன்றாது. அது நல்லது என்று தோன்றும். ஆக்டிவ் வகை பெருக்கித் தருவதால், திருகை ஒரே குறியில் வைத்தால் அதுவே உரக்க ஒலிக்கும். வெற்றியும் அதற்கே போகும். இந்த வெற்றிக்குச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவோர் பலர்.

மேலும் 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் ஓர் உண்மையை அளந்து காட்டினர். ஒலி குறையக் குறைய, தாழ்சுருதி மற்றவற்றைக் காட்டிலும் விரைவாகச் செவியிலிருந்து மறைகிறது. அடுக்குமாடி வீட்டில், அண்டை வீட்டார் உறங்கும் நேரத்தில், மெல்ல வைத்த பாட்டு மெலிந்து கேட்பது செவியின் இயல்பு. அதற்குப் பாசிவைப் பழிப்பதும் தவறு. புதிய முன்பெருக்கி வாங்கினால் தீரும் என்று நம்புவதும் தவறு. தாழ்சுருதியை உயர்த்தும் திருகு உள்ள கருவியே அங்குப் பயன்படும்.

நேர்மையாக ஒப்பிட விரும்புவோர், 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஒரே ஓசையை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து, இரு கருவிகளிலும் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாதவாறு திருகைச் சரிசெய்யவேண்டும். பின்னர் எது எதுவென்று அறியாத நிலையில் கேட்கவேண்டும். அப்போது தெரியும் வேறுபாட்டுக்கு மட்டும் பணம் கொடுப்பது அறிவுடைமை.

எவருக்கு எது?

இதுவரை கண்டதைக்கொண்டு மூன்று இல்லங்களை எண்ணிப் பார்ப்போம்.

முதல் இல்லத்தில் சிடி இயக்கி, டாக் பெட்டி, ஆற்றல் பெருக்கி ஆகிய யாவும் ஒரே அலமாரியில் உள்ளன. கம்பி ஒரு மீட்டருக்கு மிகாது. பாட்டுத் தருவன 2 வோல்ட் தருகின்றன. ஆற்றல் பெருக்கி 1 வோல்ட்டில் முழு வலிமை காட்டுகிறது. அதன் உள்ளீடு 47,000 ஓம். இவருக்கு 10,000 ஓம் பாசிவ் பெட்டியே போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடலாம். அங்கே அது செவிக்கு எட்டும் பயன் தரும்.

இரண்டாவது இல்லத்தில் தந்தையார் விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் உள்ளன. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டு ஒவ்வொரு வைகறையிலும் சுழல்கிறது. இங்கே பிக்கப்பின் மில்லிவோல்ட்டை நூறு மடங்கு பெருக்கி, ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் செய்யும் ஃபோனோ பகுதி கட்டாயம் வேண்டும். பாசிவ் எவ்வளவு தூயதாயினும் இந்தப் பணியை அதனால் செய்ய இயலாது. ஃபோனோ பகுதியைத் தனிப்பெட்டியாக வாங்கி, அதன் வெளியீட்டு எதிர்ப்பும் குறைவாக இருந்தால், அதன்பின் பாசிவ் வைக்கலாம். அது வால்வு வகையாய், எதிர்ப்பு மிகுந்ததாய் இருப்பின், ஆக்டிவோ பஃபரோ வேண்டும்.

மூன்றாவது இல்லத்தில் ஆற்றல் பெருக்கி கூடத்தின் மறுகோடியில், ஸ்பீக்கருக்கு அருகே உள்ளது. திருகு இருக்கவேண்டியதோ அமர்ந்து கேட்கும் இடத்தில். இடையே ஆறு மீட்டர் கம்பி. அல்லது, பாட்டுத் தரும் கருவி உச்சத்திலேயே 0.3 வோல்ட் மட்டும் தருகிறது. அந்த 0.3 வோல்ட்டை 28 மடங்கு பெருக்கினால் கிடைப்பது சுமார் 9 வாட். 100 வாட் பெருக்கி வாங்கியும் பயனில்லை. இவ்விரு நிலையிலும் ஆக்டிவே தக்கது. அங்கே அதன் மின்வழங்கியும் டிரான்சிஸ்டரும் தத்தம் கூலிக்கு உழைப்பவை.

ஆகவே வாங்கப் புறப்படுமுன் குறிப்பேடுகளை எடுத்து ஐந்து எண்களைக் குறித்துக்கொள்க. பாட்டுத் தரும் கருவியின் வெளியீட்டு மின்னழுத்தம் ஒன்று. அதன் வெளியீட்டு எதிர்ப்பு இரண்டு. ஆற்றல் பெருக்கி முழு வலிமைக்கு வேண்டும் மின்னழுத்தம் மூன்று. அதன் உள்ளீட்டு எதிர்ப்பு நான்கு. கம்பியின் நீளம் ஐந்து. முதலாவது எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கம் வேண்டுவதில்லை. இரண்டாவது சிறிதாகவும், நான்காவது பெரிதாகவும், ஐந்தாவது குறுகியதாகவும் இருந்தால் இணக்கத்துக்கும் உதவி வேண்டுவதில்லை. பெருக்கம் வேண்டாமல் இணக்கம் மட்டும் வேண்டுமாயின் பஃபர். இரண்டும் வேண்டுமாயின் ஆக்டிவ். இரண்டும் வேண்டாவிடில் பாசிவ்.

தேவை இருக்குமிடத்தில் ஆக்டிவை மறுப்பது தூய்மையாகாது. தேவை இல்லாதவிடத்தில் அதனைச் சேர்ப்பது வலிமையும் ஆகாது. பதிவில் உள்ள இசை குறையாமலும் கூடாமலும் செவியை அடையவேண்டும் என்பதே நோக்கம். அந்த ஐந்து எண்களைக் கேட்டபின் விலையைக் கேட்பவர் ஏமாறுவதற்கு இடமில்லை.